உயிர் பிழைத்தது, கை வீங்கியது! டாக்டர் ஹால்ஸ்டெட் கதை

அந்தக் காலத்தில் மார்பில் கட்டி வந்தால் பெண்கள் வெளியே சொல்ல மாட்டார்கள். கட்டி பெருத்து, உடைந்து, புண்ணாகி நாற்றம் எடுத்த பிறகுதான் வீட்டில் உள்ளவர்களுக்கே தெரியும்.

டாக்டரிடம் போனாலும் பயன் குறைவு. கட்டியை வெட்டி எடுப்பார்கள். புண் ஆறும். சில மாதங்கள் கழித்து அதே இடத்தில் மறுபடியும் முளைக்கும்.

இந்த நிலைமையை மாற்றியவர் ஒரு அமெரிக்க டாக்டர். பெயர், வில்லியம் ஸ்டூவர்ட் ஹால்ஸ்டெட். ரண சிகிச்சை படித்தவர்களில் அவர் பெயரை அறியாதவர்கள் கிடையாது.

அவருடைய கத்தி எத்தனையோ பெண்களைப் புற்று நோயின் பிடியிலிருந்து மீட்டது. ஆனால், அதே கத்தி இன்னொரு தொல்லையையும் கொடுத்தது. பிழைத்து எழுந்த பெண்கள் பலருக்குக் கை வீங்கியது!

பந்தாட்ட வீரர்

ஹால்ஸ்டெட் 1852-ம் ஆண்டு செப்டம்பர் 23-ந் தேதி நியூயார்க் நகரில் பிறந்தார். தகப்பனார் ஜவுளி வியாபாரத்தில் பெரும் பணம் சேர்த்தவர். பையனுக்குச் சிறு வயதில் வீட்டிலேயே வாத்தியார் வைத்துப் பாடம் சொல்லிக் கொடுத்தார்கள்.

வளர்ந்ததும் யேல் கல்லூரியில் சேர்ந்தார். படிப்பில் நாட்டம் இல்லை. கால்பந்துக் குழுவுக்குக் காப்டனாக இருந்தார். கல்லூரி நூல் நிலையத்திலிருந்து அவர் ஒரு புத்தகம்கூட எடுத்ததாகக் கணக்கில் இல்லை என்று பிற்காலத்தில் வேடிக்கையாகச் சொல்வார்கள்.

கடைசி வருஷத்தில் மனித உடற்கூறு பற்றிய புத்தகம் ஒன்றை விலை கொடுத்து வாங்கினார். அதோடு ஆளே மாறிவிட்டார். மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, 1877-ல் டாக்டர் பட்டம் பெற்றார்.

அடுத்த ஆண்டு ஐரோப்பாவுக்குக் கப்பல் ஏறினார். வியன்னா நகரில் பில்ரோத் என்ற பெரிய ரண சிகிச்சை நிபுணர் இருந்தார். அவரிடமும், ஜெர்மனியில் இருந்த வேறு சில நிபுணர்களிடமும் இரண்டு ஆண்டுகள் தொழில் பழகினார். பில்ரோத் பெயரை நினைவில் வைத்துக் கொள்ளுங்கள். கதையில் மறுபடியும் வருவார்.

அடுப்பங்கரையில் ஆபரேஷன்

1880-ல் ஊர் திரும்பிய ஹால்ஸ்டெட்டுக்கு ஓய்வே இல்லை. பல ஆஸ்பத்திரிகளில் வேலை பார்த்தார். துணிச்சல்காரர் என்று பெயர் எடுத்தார்.

1881-ல் அவருடைய சகோதரிக்குப் பிரசவம் ஆயிற்று. ரத்தப்போக்கு நிற்கவில்லை. முகம் வெளுத்து, சாகும் நிலைக்கு வந்துவிட்டார். ஹால்ஸ்டெட் தன் உடம்பிலிருந்து ரத்தத்தை எடுத்து சகோதரிக்குச் செலுத்தினார். பிறகு தானே ஆபரேஷனும் செய்தார். சகோதரி பிழைத்தார். ரத்தத்தில் பல வகை உண்டு என்பது அப்போது யாருக்கும் தெரியாது. அண்ணன் ரத்தம் தங்கைக்குச் சேர்ந்தது அதிர்ஷ்டம்தான்!

அடுத்த ஆண்டு தாயாருக்கு ஆபத்து. பித்தப்பையில் கல் அடைத்து, சீழ் பிடித்துவிட்டது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக நேரம் இல்லை. இரவு 2 மணிக்கு, அடுப்பங்கரை மேஜை மீது தாயாரைப் படுக்க வைத்து, மகனே வயிற்றைத் திறந்து கற்களை எடுத்தார். தாயாரும் பிழைத்தார்.

பெற்ற தாயின் வயிற்றில் கத்தி வைக்க எத்தனை டாக்டர்களுக்கு மனம் வரும்?

மருந்துக்கு அடிமை

1884-ல் வியன்னாவிலிருந்து ஒரு செய்தி வந்தது. கொக்கேன் என்ற மருந்தைக் கண்ணில் விட்டால் வலி தெரியவில்லையாம். அதை நரம்பில் ஊசியாகப் போட்டால் கை, கால்களையும் மரத்துப்போகச் செய்ய முடியுமா என்று ஹால்ஸ்டெட் ஆராய்ந்தார். முதலில் தனக்கும், கூட இருந்த டாக்டர்களுக்கும் போட்டுப் பார்த்தார். முடிந்தது! பல் பிடுங்கும்போது இன்று ஊசி போட்டு மரக்கச் செய்கிறார்களே, அந்த முறைக்கு ஆரம்பம் அதுதான்.

ஆனால், கொக்கேன் பொல்லாதது என்று அப்போது தெரியாது. ஹால்ஸ்டெட் அடிமையாகிவிட்டார். கூட்டாளிகளும் அடிமையானார்கள். நியூயார்க்கில் அவர் கட்டி எழுப்பிய பெயர் இரண்டே ஆண்டுகளில் மண்ணாயிற்று. 1886-ல் மனநோய் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார்.

அவரைக் கைதூக்கி விட்டவர் டாக்டர் வெல்ச் என்ற நண்பர். பால்டிமோர் நகருக்கு அழைத்துப்போய், தன் ஆராய்ச்சிக் கூடத்தில் இடம் கொடுத்தார். 1889-ல் அங்கே ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆஸ்பத்திரி திறக்கப்பட்டது. பிறகு அதன் தலைமை ரண சிகிச்சை நிபுணர் ஆனார் ஹால்ஸ்டெட்.

கொக்கேன் பழக்கத்துக்கு மாற்றாக அவருக்கு மார்பியா கொடுக்கப்பட்டது. அந்தப் பழக்கம் அவரை விடவில்லை. இதைக் கூட வேலை பார்த்த டாக்டர் ஆஸ்லர் ரகசியமாக எழுதி வைத்திருந்தார். அது 1969-ல்தான் வெளியே வந்தது.

நர்சின் கைக்கு உறை

பால்டிமோருக்கு வந்த ஹால்ஸ்டெட் பழைய துணிச்சல்காரர் அல்ல. நிதானம், சுத்தம், நுணுக்கம் என்று ஆகிவிட்டார். மற்றவர்கள் அரை மணியில் முடிக்கும் ஆபரேஷனுக்கு அவர் மணிக்கணக்கில் எடுத்துக்கொள்வார். ரத்தக் குழாய்களை ஒவ்வொன்றாகக் கட்டுவார். தசையைக் கசக்காமல், பூவைத் தொடுவது போலத் தொடுவார். சட்டைகளைச் சலவைக்குப் பாரிஸ் நகருக்கு அனுப்புவார் என்றால் பாருங்கள்!

ஆபரேஷன் அறையில் தலைமை நர்சாக இருந்தவர் கரோலின் ஹாம்ப்டன். கிருமிகளைக் கொல்ல ரசம் கலந்த மருந்து நீரில் கை கழுவுவார்கள். அது கரோலினுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. கையெல்லாம் கொப்புளித்துப் புண்ணாயிற்று. வேலையை விட்டுவிடும் நிலை.

ஹால்ஸ்டெட்டுக்கு மனம் பொறுக்கவில்லை. குட்இயர் ரப்பர் கம்பெனிக்கு எழுதி, கரோலின் கைக்கு மெல்லிய ரப்பர் உறை இரண்டு ஜோடி செய்து வாங்கிக் கொடுத்தார். 1890-ல் இருவருக்கும் கல்யாணம் நடந்தது.

உறை நர்சின் தோலைக் காப்பாற்றத்தான் வந்தது. நோயாளியையும் கிருமியிலிருந்து அது காக்கும் என்பது பிறகே புரிந்தது. இன்று உலகம் முழுவதும் உறை போடாமல் யாரும் கத்தியைத் தொடுவதில்லை.

இப்படி ஒரு பெண்ணின் கை நோவதைக் கண்டு மனம் இளகியவர், வேறு பல பெண்களின் கையைப் பற்றி அந்த நாளில் என்ன நினைத்தார்? அதைத்தான் இனிப் பார்க்கப் போகிறோம்.

வேரோடு வெட்டினார்

நம் உடம்பில் ரத்தக் குழாய்கள் இருப்பது எல்லோருக்கும் தெரியும். இன்னொரு வகைக் குழாய்களும் உண்டு. வயலுக்குத் தண்ணீர் கொண்டு வருவது வாய்க்கால். மிஞ்சிய தண்ணீரைக் கொண்டு போவது வடிகால். உடம்புக்கும் அப்படி ஒரு வடிகால் இருக்கிறது. ரத்தத்திலிருந்து கசிந்து, தசையில் தேங்கும் நீரை அது திரும்பக் கொண்டு போய்க் கழுத்தின் அடியில் ரத்தத்தோடு சேர்க்கிறது. அந்த நீருக்கு நிணநீர் என்று பெயர்.

வழியில் ஆங்காங்கே சிறு முடிச்சுகள் இருக்கின்றன. காலில் புண் வந்தால் தொடை இடுக்கில் நெறி கட்டுகிறது அல்லவா? அந்த முடிச்சு வீங்குவதைத்தான் நெறி கட்டுவது என்கிறோம். கைக்கும் மார்புக்கும் உரிய முடிச்சுகள் அக்குளில் இருக்கின்றன.

மார்புப் புற்று நோய் இந்த வடிகால் வழியாகத்தான் படிப்படியாகப் பரவுகிறது என்று ஹால்ஸ்டெட் நம்பினார். ஆகவே மார்பை மட்டும் எடுத்தால் போதாது என்று முடிவு செய்தார். மார்பு, அதன் அடியில் உள்ள பெரிய தசை, அக்குளில் உள்ள முடிச்சுகள், சுற்றிலும் உள்ள கொழுப்பு எல்லாவற்றையும் ஒரே துண்டாக எடுத்தார். கத்தி கட்டியில் படவே கூடாது என்பது அவர் விதி.

1894-ல் கணக்கை வெளியிட்டார். ஆபரேஷன் செய்த பெண்கள் 50 பேர். அதே இடத்தில் கட்டி மறுபடி முளைத்தது 3 பேருக்குத்தான்! குருவான பில்ரோத்தின் கணக்கிலோ, 100-க்கு 82 பேருக்கு மறுபடியும் முளைத்திருந்தது. மருத்துவ உலகம் திகைத்தது. நாலாபக்கமும் டாக்டர்கள் ஹால்ஸ்டெட் முறையில் வெட்ட ஆரம்பித்தார்கள்.

அந்த ஆபரேஷனுக்குப் பிறகு தோளும் கையும் முன்போல் இயங்கா. இதற்கு ஹால்ஸ்டெட் ஒரு சமாதானம் சொன்னார். உயிரோடு ஒப்பிட்டால் கை பெரிதல்ல என்றார். அதோடு நிறுத்தவில்லை. இந்த நோயாளிகளின் சராசரி வயது ஏறக்குறைய 55 என்றும், அவர்கள் வயதானவர்கள், ஓடியாடி வேலை செய்யும் காலம் கடந்தவர்கள் என்றும் எழுதினார்.

அதை எழுதியபோது அவருக்கு வயது 41 அல்லது 42. ஐம்பத்தைந்து வயதுப் பெண்ணுக்குக் கை எதற்கு என்று நினைத்தாரோ என்னவோ! அந்த வயதில்தான் பெண்கள் பேரக் குழந்தைகளைத் தூக்குகிறார்கள். அடுப்பையும் விட்டபாடில்லை.

பருத்த கை

ஆபரேஷனில் பிழைத்தவர்கள் வருஷக் கணக்கில் வாழ்ந்தார்கள். அப்போதுதான் தொல்லை நன்றாகத் தெரிந்தது.

அக்குளில் வடிகாலை வெட்டியாயிற்று. கையிலிருந்து வரும் நிணநீர் எங்கே போகும்? அங்கேயே தேங்கியது. சிலருக்கு ஆபரேஷன் முடிந்த கையோடு வீங்கியது. சிலருக்கு எத்தனையோ ஆண்டுகள் நன்றாக இருந்து, திடீரென்று வீங்கியது. கை கனத்தது. தோல் தடித்தது. உடுப்பின் கையில் கை நுழையவில்லை. சின்னக் கீறல் பட்டாலும் சிவந்து, குளிர் காய்ச்சல் வந்தது. ஒவ்வொரு காய்ச்சலுக்குப் பிறகும் வீக்கம் கொஞ்சம் கூடியது.

ஹால்ஸ்டெட் இதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். 1921-ல், எழுபதை நெருங்கிய வயதில், இந்த வீக்கத்தைப் பற்றியே ஒரு தனிக் கட்டுரை எழுதினார். அதற்கு அவர் கொடுத்த பெயரின் பொருள், ஆபரேஷனால் வந்த யானைக்கால் என்பது. பொருத்தமான பெயர்தான். கொசுவால் வரும் யானைக்காலில் புழு அடைக்கும் அதே வடிகாலை, இங்கே கத்தி அடைத்துவிட்டது.

அக்குள் காயத்தில் கிருமி நுழைவதுதான் முக்கிய காரணம் என்று அவர் சந்தேகித்தார். வராமல் தடுப்பது எப்படி என்பதே அவர் கவலை. காயம் இன்னும் சுத்தமாக ஆறவேண்டும், தோலை இழுத்துப் பிடித்துத் தைக்கக் கூடாது என்று யோசித்தார். ஒரு காலத்தில் சிறிய விஷயம் என்று ஒதுக்கிய கைக்கு, கடைசிக் காலத்தில் இவ்வளவு பாடுபட்டார். அதைப் பாராட்டத்தான் வேண்டும். ஆனால், ஏற்கெனவே வீங்கிய கையோடு நின்றவர்களுக்கு அது ஆறுதல் தரவில்லை.

மறு ஆண்டு ஹால்ஸ்டெட்டுக்கே பித்தப்பைக் கல் உபத்திரவம் திரும்பி வந்தது. தாயாருக்கு வந்த அதே நோய்! 1919-ல் ஒரு தடவை ஆபரேஷன் ஆகியிருந்தது. இப்போது அவருடைய மாணவர்களே மறுபடி ஆபரேஷன் செய்தார்கள். ஆனால் நிமோனியா கண்டது. 1922-ம் ஆண்டு செப்டம்பர் 7-ந் தேதி, தான் வளர்த்த ஆஸ்பத்திரியிலேயே இறந்தார். மூன்று மாதம்கூட ஆகவில்லை, கரோலினும் இறந்தார். அவர்களுக்குக் குழந்தைகள் இல்லை.

டென்மார்க் தம்பதிகள்

வீங்கிய கைக்கு வழி வேறு திசையிலிருந்து வந்தது.

பில்ரோத்திடம் வேலை பார்த்த இன்னொருவர் வினிவார்ட்டர். கை, கால் வீக்கத்துக்கு நீவி விடுதல், உயர்த்தி வைத்தல், இறுக்கிக் கட்டுதல் ஆகியவை நல்லது என்று அவர் 1892-லேயே புத்தகம் எழுதிவிட்டார். ஹால்ஸ்டெட் பெயர் எடுத்துக்கொண்டிருந்த அதே நாட்கள்! ஆனால் அந்த முறையைப் பெரும்பாலான டாக்டர்கள் மறந்துவிட்டார்கள்.

ஹால்ஸ்டெட் இறந்து பத்தாண்டுகள் ஆனபின், பிரான்சு நாட்டுக் கடற்கரையில் டென்மார்க் தேசத்துத் தம்பதிகள் இருவர் மசாஜ் தொழில் செய்து வந்தார்கள். கணவர் எமில் வாடர். மனைவி எஸ்ட்ரிட். இருவரும் மருத்துவர்கள் அல்ல.

தீராத ஜலதோஷத்தோடு வந்தவர்களின் கழுத்தில் நெறி கட்டியிருப்பதை வாடர் கவனித்தார். நெறியைத் தொடவே கூடாது என்பது அந்நாளைய கட்டளை. வாடர் தொட்டார். மிக மெதுவாக, வட்டமாக நீவினார். குணம் தெரிந்தது. 1936-ல் பாரிஸ் நகரில் தம் முறையை வெளியிட்டார். டாக்டர்கள் அதைப் பொருட்படுத்தவில்லை. அழகுக் கலைக்காரர்கள்தான் வரவேற்றார்கள்.

1960-களில் அஸ்டோங்க் என்ற ஜெர்மானிய டாக்டர் அதைச் சோதித்து, பலன் உண்டு என்று கண்டார். பிறகு ஹங்கேரியிலிருந்து ஜெர்மனிக்கு வந்த டாக்டர் ஃபோல்டி, நீவுதலோடு இறுக்கமான துணிக்கட்டு, தேகப் பயிற்சி, தோல் பராமரிப்பு மூன்றையும் சேர்த்தார். இன்று உலக ஆஸ்பத்திரிகளில் வழங்குவது இந்தக் கூட்டு முறைதான்.

எப்படி நீவுகிறார்கள்?

எண்ணெய் தேய்த்துப் பிடித்து விடுவது போன்றது அல்ல இது. எண்ணெயே கிடையாது. அழுத்தம் மிகக் குறைவு. விரல்களும் உள்ளங்கையும் தோலை மட்டும் மெல்ல இழுத்து விடுகின்றன. தோலுக்கு அடியில்தான் அந்த நுண்ணிய குழாய்கள் இருக்கின்றன. அழுத்தினால் அவை நசுங்கிவிடும்.

வீங்கிய கையில் முதலில் தொடுவதில்லை. அடைத்த வடிகாலை வெட்டி விடுகிறவன், தண்ணீர் போய்ச் சேரும் இடத்தைத்தான் முதலில் திறப்பான். அதுபோல முதலில் கழுத்து, பிறகு நோய் இல்லாத பக்கத்து அக்குள், பிறகு மார்பும் முதுகும். அதன் பின்தான் தோள், மேற்கை, முழங்கை, விரல்கள். வெட்டுப்பட்ட வழியை விட்டு, வேறு வழியாக நீரைத் திருப்பி விடுவதே இதன் சூட்சுமம்.

முடிந்ததும் கையில் பல அடுக்குத் துணி சுற்றுவார்கள். வீக்கம் வடிந்த பிறகு, இறுக்கமான உறையைத் தினமும் அணிய வேண்டும். உண்மையைச் சொன்னால், கட்டுக்கும் உறைக்கும்தான் இதில் பெரிய பங்கு. நீவுதல் அதற்குத் துணை. முற்றிய வீக்கம் முழுவதும் மறைந்துவிடும் என்று யாரும் வாக்குக் கொடுக்க முடியாது. பயிற்சி பெற்றவரிடமே செய்துகொள்ள வேண்டும். கை சிவந்து சூடாக இருந்தாலோ, காய்ச்சல் இருந்தாலோ, ரத்தம் உறைந்து அடைத்திருந்தாலோ நீவக் கூடாது.

ஹால்ஸ்டெட்டின் ஆபரேஷன் என்ன ஆயிற்று? 1971-ல் டாக்டர் ஃபிஷர் அமெரிக்காவில் 1,600-க்கு மேற்பட்ட பெண்களைக் கொண்டு ஒரு பெரிய பரிசோதனை ஆரம்பித்தார். 25 ஆண்டுகள் கவனித்தும், தசையோடு வெட்டப்பட்டவர்கள் மற்றவர்களைவிட அதிக நாள் வாழவில்லை. நோய் வடிகால் வழியாக மட்டும் பரவுவதில்லை, ரத்தத்தின் வழியாகவும் ஆரம்பத்திலேயே போய்விடுகிறது என்பது தெளிவாயிற்று. அந்தப் பெரிய ஆபரேஷன் அநேகமாக வழக்கொழிந்தது.

இப்போது பலருக்கு அக்குளில் முதலில் உள்ள ஒன்றிரண்டு முடிச்சுகளை மட்டும் எடுத்துச் சோதிக்கிறார்கள். அதில் நோய் இல்லை என்றால் மற்றவற்றைத் தொடுவதில்லை. இவர்களில் 100-க்கு 5 அல்லது 6 பேருக்குத்தான் கை வீங்குகிறது. எல்லா முடிச்சுகளையும் எடுத்தவர்களில் இன்றும் 100-க்கு 20 பேருக்கு வீங்குகிறது.

ஆகையால் நல்ல ஆஸ்பத்திரிகளில் ஆபரேஷனுக்கு முன்பே இரண்டு கைகளையும் நாடாவால் அளந்து எழுதி வைக்கிறார்கள். பிறகு மாதங்கள் செல்லச் செல்லத் திரும்பத் திரும்ப அளக்கிறார்கள். வீட்டிலும் அடையாளம் தெரியும். மோதிரம் இறுகும். வளையல் ஏறாது. ரவிக்கையின் ஒரு கை மட்டும் பிடிக்கும். தோல் மெத்தென்று இருக்கும் அந்த ஆரம்ப நாளிலேயே டாக்டரிடம் காட்டினால், வீக்கம் சீக்கிரம் வடிகிறது.